"எப்ப எடுக்கிறாங்க?"

அப்பாவின் உடல் வீட்டில் கிடக்க, பொதுத்தேர்வு எழுதிவிட்டு வந்த மாணவி பற்றிய செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு மார்ச்சிலும் ஏதாவது ஒரு மாவட்டத்திலிருந்து வரும். உச்சுக்கொட்டிப் பாராட்டுவோம். எழுத முடியாமல் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக, குறிப்பாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக.

சென்னை விடுதியில் இருக்கும் பையனுக்கு நள்ளிரவில் போன் வருகிறது. தாத்தா போய்விட்டார். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் ஓர் இரவுப் பயணம்; காலையில் செமஸ்டர் பேப்பர். அவன் முதலில் கேட்க வேண்டியது, "எப்ப எடுக்கிறாங்க?" என்பதுதான். ஐஸ் பெட்டி வந்தபிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் மகனுக்காக இரண்டு நாள்கூட வைத்திருக்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் பேரனுக்காகக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் தாய்மாமாவை விட்டுக் கேட்கச் சொல்லலாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் நிற்பதையும் ஊர் ஏற்றுக்கொள்ளும். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை என்றால் பேச்சே இல்லை, போயாக வேண்டும்.

போவது என்று முடிவானால், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். அனுமதியில்லாமல் வராதவரையும், தேர்வு எழுதித் தேறாதவரைப் போலவே விதி பார்க்கிறது. தாள் அரியராகும், அதோடு நிற்காது. எல்லாத் தாள்களிலும் முதல் முறையிலேயே தேறி, சிஜிபிஏ 8.50-க்குக் குறையாமல் வைத்திருப்பவருக்குத்தான் 'டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு'. ஒரே ஒரு ஆப்சென்ட்டில் அது கைநழுவும்.

இதற்கு அதே விதிமுறையில் ஒரு வழி இருக்கிறது. 'வித்ட்ராயல்' என்று பெயர். உடல்நலக் குறைவுக்கு மட்டுமல்ல, எதிர்பாராத குடும்பச் சூழலுக்கும் தேர்விலிருந்து விலக அனுமதி கேட்கலாம். இந்த உறவுக்கு உண்டு, அந்த உறவுக்கு இல்லை என்று பட்டியல் கிடையாது. கல்லூரி முதல்வர் பரிந்துரைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒப்புதல் தந்தால் அது தேர்வு எழுதியதாகவே கணக்கில் வராது, வகுப்பும் பறிபோகாது. அந்தத் தாளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஆனால் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு செமஸ்டரில்தான் இந்தச் சலுகை. வருகைப் பதிவு குறைந்து, தேர்வெழுதவே தகுதியில்லாதவருக்கு இது கிடைக்காது.

பத்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சாவு என்ன பத்து நாள் முன்னால் சொல்லிவிட்டா வரும்? அதற்காகத்தான் அசாதாரணச் சூழலில் தகுதியைப் பார்த்துப் பரிசீலிக்கலாம் என்று அடுத்த வரியிலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். அலுவலக மேசையில் முதல் வரியை மட்டும் காட்டினால், அடுத்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

ஆகவே பஸ் ஏறும் முன்பே வகுப்பு ஆசிரியருக்கும் துறைத் தலைவருக்கும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பிவிடுங்கள். நேரம் பதிவான அந்த ஒரு செய்திதான் பிறகு சாட்சி. இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் 21 நாள் தருகிறது, எனவே இறப்புச் சான்றிதழ் கையில் வரக் கொஞ்சம் ஆகலாம். அதுவரை மருத்துவமனைக் குறிப்பு, மயான ரசீது, உறவைக் காட்டக் குடும்ப அட்டை நகல் ஆகியவற்றை இணையுங்கள். செய்முறைத் தேர்வு என்றால் வேறு பேட்சுக்கு மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

"மஞ்சள் காமாலைன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துடு" என்று சீனியர்கள் சொல்வார்கள். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பொய்ச் சான்றிதழ் எதற்கு? மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை. நியாயமான கோரிக்கையும் அதோடு செத்துப்போகும்.

மற்றப் பல்கலைக்கழகங்களில் விதி வேறாக இருக்கலாம். உங்கள் ரெகுலேஷன்ஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். முதல்வர் விண்ணப்பத்தை வாங்கவே மறுத்தால், மாணவர் குறைதீர்க் குழுவிடம் போகலாம்; யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருந்தாக வேண்டும். புகாருக்கு அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில், வித்ட்ராயல் என்று ஒன்று இருப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.