ஆடைக்குள் கவசம்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டொன்று இக்காலத்து மாணவரிற் சிலரைக் கவர்ந்து வருகின்றது. 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகைக்கு மூலமாகும். ஆடுவோருள் ஒருவர் வீரனாகவும், ஒருவர் மந்திரவாதியாகவும், ஒருவர் கள்வனாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு கதையை வாய்மொழியாலேயே நடத்திச் செல்வர். நடுவராக அமர்ந்தவர் இடையூறுகளை உண்டாக்குவார். பகடை முடிவு சொல்லும். இவ்விளையாட்டில் அடிக்கடி எழும் வழக்கொன்று உண்டு. அரசன் விருந்துக்குப் போர்க்கோலமின்றி வருக என்பது கட்டளை. வீரனாக ஆடுபவரோ, “பட்டுச் சட்டைக்குள் இருப்புக் கவசம் பூண்டு செல்கின்றேன்” என்கிறார். நடுவர் இதற்கு இசைவதா, மறுப்பதா?

2014-ஆம் ஆண்டு விதிநூல், வளையங்கள் கோத்த குறுஞ்சட்டை 20 ராத்தல் என்றும், முழுக்கவசம் 65 ராத்தல் என்றும் எடை கூறுகின்றது. பின்னதை அணிந்தவன் ஓசையின்றி ஒளிந்து நடத்தல் அரிது என்றும் விதிக்கின்றது. உடைக்குள் மறைப்பதைப்பற்றியோ அது விரித்துரைப்பதில்லை. ஆதலின் சரித்திரத்தைக் கேட்பதே முறை.

நம் தேசத்துச் சரித்திரத்தில் இதற்கு நேரான நிகழ்ச்சி 1659-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் பிரதாபகட மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நிகழ்ந்தது. பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானும் சிவாஜியும் சமாதானம் பேசுதற்கென்று ஒரு கூடாரத்திற் சந்தித்தனர். சிவாஜி பருத்தி அங்கிக்குள் இருப்பு வளையக் கவசமும், தலைப்பாகைக்குள் எஃகுத் தொப்பியும் அணிந்திருந்தார். இடக்கை விரல்களிற் புலிநகம் என்னும் ஆயுதம். வலக்கைச் சட்டைக்குள் பிச்சுவா. கானோ மெல்லிய மஸ்லின் உடையோடு வந்தார் என்று கிராண்ட் டப் தம் மராத்தியர் சரித்திரத்தில் எழுதுகிறார். இருவரும் தழுவிக்கொண்டனர். முதலில் தாக்கியவர் யார் என்பதில் ஆசிரியர்கள் வேறுபடுவர். கான் சிவாஜியின் கழுத்தை இறுக்கி விலாவிற் கத்தியைப் பாய்ச்ச, அது கவசத்தில் உராய்ந்து வழுவியது என்பது ஜதுநாத் சர்க்கார் கொண்ட முடிபு. பின்னர்க் கானின் மெய்காவலன் சிவாஜியின் தலையில் வாளோச்ச, தலைப்பாகை பிளந்தது. உள்ளிருந்த எஃகு நசுங்கியதேயன்றித் தலை தப்பியது.

இங்கே நடுவர் கவனிக்கத்தக்கவை பல. சிவாஜி அணிந்தது தகட்டுக் கவசமன்று. தகடு உடலின் வளைவுக்கு இணங்காது. மேலே எத்துணை அகன்ற அங்கியை இட்டாலும் மார்பு பீப்பாய்போலத் தோன்றும். சிறு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்த சட்டையோ துணிபோலத் தொங்கும். குனிந்தால் குனியும், அமர்ந்தால் மடியும். வாள்வெட்டை அது நன்கு தாங்கும். குறுகிய கூர்முனை விசையாகப் பாய்ந்தால் வளையம் தெறித்துவிடவும் கூடும். வெட்டு உட்செல்லாவிடினும் அடியின் வேகம் எலும்பை முறிக்குமாதலின், கீழே பஞ்சு வைத்துத் தைத்த உட்சட்டை வேண்டும். ஆக மூன்று அடுக்கு. பந்தல்குடியிற் சித்திரை வெயிலில் ஒற்றை வேட்டியே சுமையென்று எண்ணுகின்ற எங்களூரார்க்கு இதன் துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. வேர்த்து விறுவிறுத்து விருந்தில் அமர்ந்திருப்பவனை அரண்மனைக் காவலன் ஐயுறாதிருப்பானா? அங்கியின் கழுத்தும் கைவிளிம்பும் விலகாமலிருத்தல் வேண்டும். அடி வைக்குந்தோறும் வளையங்கள் கலகலவாமல் இடையிற் கச்சை இறுகக் கட்டுதலும் வேண்டும். கச்சை தோளின் பாரத்தையும் ஓரளவு இடுப்பிற்கு மாற்றும்.

கவசத்திற்கு மெய்ம்மறை என்பது பதிற்றுப்பத்தில் வழங்கும் பழஞ்சொல். மெய் என்பது உடலையும் குறிக்கும், வாய்மையையும் குறிக்கும். ஆடைக்குள் அணிந்த கவசத்துக்கு இவ்விரண்டாம் பொருளும் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிடுகின்றது!

கண்ணை ஏமாற்றினாலும் கையை ஏமாற்றுதல் எளிதன்று. இத்தாலியப் பட்டணமாகிய பிளாரன்ஸில் 1478-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கியூலியானோ தெ மெதிச்சி என்னும் பிரபுவைக் கொல்லத் துணிந்த சதிகாரர் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். வழியில் பிரான்செஸ்கோ தெ பாட்சி என்பவன் அன்பு மிக்கவன்போல அவரைத் தழுவினான். உடைக்குள் கவசம் உண்டோ என்று தடவிப் பார்த்ததே அத்தழுவலின் கருத்து என்று மாக்கியவெல்லி எழுதிவைத்தார். கவசம் இல்லை. கோயிலுக்குள்ளேயே கியூலியானோ குத்துண்டு இறந்தார். பிரதாபகடத்திலும் தழுவலே நடந்தது. ஆனால் அங்கே கவசம் தட்டுப்படுவதற்கும் கத்தி பாய்வதற்கும் இடையே காலமில்லை.

தலையை மறைப்பது இன்னும் அரிது. தலைப்பாகை கட்டும் நாட்டில் எஃகுத் தொப்பி எளிதில் அடங்கும். 1649-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸை விசாரித்த நீதிபதி ஜான் பிராட்ஷா, உள்ளே எஃகு பொருத்திய உயர்ந்த தொப்பியணிந்து நீதிமன்றம் சென்றார். அது இன்றும் ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் காட்சிச்சாலையில் இருக்கின்றது.

துப்பாக்கி வந்தபின் இரும்பு தோற்றது, துணி முன்வந்தது. 1897-இல் சிகாகோ நகரத்துத் துறவி காசிமிர் செக்லன் பட்டினால் நெய்த குண்டு தாங்கும் உட்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். 1965-இல் ஸ்டெபனி குவாலெக் கண்ட கெவ்லார் இழை அதனினும் வன்மையுடையது. ஆயினும் பழைய இடர் தீரவில்லை. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் காலை இந்திரா காந்தி அம்மையார் தொலைக்காட்சிப் பேட்டிக்காகத் தம் இல்லத்திலிருந்து நடந்து சென்றபோது, காவலர் இருவரே அவரைச் சுட்டனர். குண்டு தாங்கும் சட்டையை அணிந்திருக்குமாறு அவருக்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது. படக்கருவியின்முன் உருவம் பருத்துத் தோன்றுமென்று அன்று அதனை நீக்கினார் என்பர் அவர் வரலாறு எழுதியோர். மறைக்க இயலாத கவசம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆகவே நடுவர் முதலில் எவ்வகைக் கவசம் என்று வினவுக. தகடாயின் மறுத்துவிடலாம். வளையச் சட்டையாயின், பஞ்சுச் சட்டையும் அகன்ற அங்கியும் உளவா என்றும், விருந்து எந்தப் பருவத்தில் எத்தனை நாழிகை நடக்கிறதென்றும் கேட்க. வாயிற்காவலன் கண்ணுக்காகப் பகடை உருட்டல் வேண்டா. அரசன் எழுந்து இரு கையும் நீட்டி, “வருக, மைத்துன!” என்று தழுவ வரும்போது உருட்டச் சொல்க.