மோட்டார் வானும் தீப்பொறிச் செருகியும்

பெற்றோலினால் இயங்கும் வண்டியின் ஆற்றல் முழுவதும் சிறு பொறியொன்றிலிருந்தே தோன்றுகின்றது. அப்பொறியைத் தருங் கருவி தீப்பொறிச் செருகி எனப்படும். 'பிளக்' என்பது மக்கள் வழக்கு. விரலளவினதாகிய இதனை மாற்றுதற்குப் பட்டறையை நாடவேண்டுவதில்லை. வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். ஆயின், செருகி மலிவானது. அது பொருந்தியிருக்குந் துளையோ விலையுயர்ந்தது. துளையின் புரி சிதையுமாயின், ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய பணி இயந்திரத்தையே கழற்றும் பெரும்பணியாக மாறிவிடும். இவ்வேறுபாட்டை உணர்ந்தே இப்பணியில் இறங்குதல் வேண்டும்.

மின்பொறியினால் எரிபொருளைப் பற்றவைக்கும் முறை பழமையானது. 1860 ஆம் ஆண்டில் எத்தியன் லெனுவார் பாரிசு நகரில் அமைத்த வாயு இயந்திரம் இம்முறையையே கையாண்டது. 1902 இல் ஜெர்மனியில் றொபேட் பொஷ் என்பாரின் தொழிலகத்திற் பணியாற்றிய கொற்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர் உயரழுத்த மின்னைத் தோற்றுவிக்குங் கருவியையும் அதற்கேற்ற செருகியையும் ஒருங்கே அமைத்தார். மோட்டார் வண்டி விரைந்து பரவுதற்கு இது பெருந்துணையாயிற்று.

செருகியின் நடுவே ஒரு மின்வாய் உண்டு. அதனைச் சூழ்ந்து அலுமினிய ஒட்சைட்டினாலான பீங்கான் உறையும், அதற்கு வெளியே புரியிடப்பட்ட உருக்குக் கூடும் உள்ளன. கூட்டின் அடியிலிருந்து வளைந்துவரும் மற்றை மின்வாய்க்கும் நடு மின்வாய்க்கும் இடையேயுள்ள சிறு வெளியிலேயே பொறி பாய்கின்றது. இதற்கு வேண்டும் மின்னழுத்தம் 10,000 வோல்ற்றுக்கு மேற்படும். எரியும் வாயுவின் வெப்பநிலையோ 2,000 பாகை சதமவளவையைத் தாண்டும். நான்கடிப்பு இயந்திரத்தில் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி தேவை. எனவே, நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு செருகியும் செக்கனுக்கு 25 பொறிகளைத் தருகின்றது. இவ்வாறு ஓயாது உழைக்கும் மின்வாய் தேய்கின்றது; இடைவெளி விரிகின்றது; பொறி தவறுகின்றது. காலையில் இயந்திரம் எளிதில் உயிர்பெறாமை, ஏற்றத்தில் வண்டி தளர்தல், பெற்றோல் மிகுதியாகச் செலவாதல் ஆகியன இதன் அறிகுறிகளாம். டீசல் வண்டிகளோ எரிபொருளை அமுக்க வெப்பத்தினாற் பற்றவைப்பனவாதலின், அவற்றுக்கு இச்செருகி இல்லை.

இப்பணியை விளக்குதற்கு 1950 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வான் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அதன் இயந்திரம் வண்டியின் பின்புறத்தில் உள்ளது. நான்கு உருளைகள் பக்கத்துக்கு இரண்டாகக் கிடையாகக் கிடக்கின்றன. அவற்றைக் குளிர்விப்பது நீரன்று, விசிறி செலுத்துங் காற்றே. வண்டியின் வலப்பக்கத்தில் முன்னிருப்பது முதலாம் உருளை, பின்னிருப்பது இரண்டாவது. இடப்பக்கத்தில் முன்னிருப்பது மூன்றாவது, பின்னிருப்பது நான்காவது. செருகிகள் பொருந்தும் உருளைத் தலைகள் அலுமினியக் கலவையால் ஆனவை. மென்மையான அலுமினியத்தில் வன்மையான உருக்குப் புரி ஏறுவதே இப்பணியின் இடர் அனைத்துக்கும் மூலமாகும்.

ஆதலின், முதல் விதி இயந்திரம் முற்றாகக் குளிரும்வரை பொறுத்திருத்தலேயாம். சூடாகவுள்ள அலுமினியம் மேலும் மென்மையுறுதலின், அந்நிலையிற் செருகியைக் கழற்றினாற் புரியும் உடன் பெயர்ந்து வரக்கூடும். முந்தின நாள் மாலை வண்டியை நிறுத்தி மறுநாட் காலையில் தொடங்குதல் சாலச் சிறந்தது.

அடுத்து, கம்பிகளுக்கு உருளையின் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இவ்வியந்திரத்திற் பொறி 1, 4, 3, 2 என்னும் ஒழுங்கில் நிகழ்வது. கம்பி மாறினால் இயந்திரம் இடறும். ஒரு செருகியை மாற்றி முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவது மேலும் பாதுகாப்பானது. கழற்றும்போது கம்பியைப் பற்றி இழுத்தலாகாது; அதன் முனையிலுள்ள மூடியையே பற்றுதல் வேண்டும். செருகியைச் சூழ்ந்துள்ள தூசியைச் சைக்கிள் பம்பினால் ஊதியகற்றிய பின்னரே ஸ்பனரை இடவேண்டும். அன்றேல் மணல் உருளையினுள் வீழ்ந்து அதன் சுவரைக் கீறிவிடும்.

கழற்றிய செருகியை உடனே எறிந்துவிடுதல் பேதைமை. இயந்திரத்தின் உள்நிலையைக் கூறுஞ் சான்று அதுவேயாம். அதன் முனை இளங்கபில நிறமாயின் எரிதல் செவ்விது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுந்துள்ளது. எண்ணெய்ப் பசையுடன் ஈரமாயிருப்பின், முசல வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்திருத்தல் கூடும். வெண்மையாக வெந்து கொப்புளித்திருப்பின் உருளை மிகையாகச் சூடேறுகின்றது. காற்றினாற் குளிரும் இயந்திரத்துக்கு இவ்விறுதிக் குறி பெரும் எச்சரிக்கையாகும். புதிய செருகியை இட்டு அதனை மறைத்தல் நோயை விட்டு அறிகுறியைத் துடைப்பதாகும்.

புதிய செருகியின் இடைவெளியைத் தகட்டளவியால் அளந்து, 0.6 முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் அமைத்தல் வேண்டும். வளைக்கவேண்டியது பக்க மின்வாயை மட்டுமே. பின்னர் ஒரு சாண் நீளமான றப்பர்க் குழாயைச் செருகியின் மேல்முனையில் மாட்டி, குழாயைக் கையினாற் சுழற்றிப் புரியில் ஏற்றுதல் நன்று. கைக்கு எட்டாத மூன்றாம் உருளைக்கு இஃது இன்றியமையாதது. புரி நேராகப் பொருந்தினாற் செருகி எளிதில் ஏறும். சரிவாகப் பொருந்தினால் குழாய் வழுக்கி நின்றுவிடும். வலிந்து திருகுதற்குக் குழாயில் வலுவில்லாமையே இம்முறையின் சிறப்பு. முதலில் இடப்புறமாக மெல்லச் சுழற்றி, புரிகள் 'டக்' என ஒன்றிலொன்று அமர்வதை உணர்ந்தபின் வலப்புறமாகத் திருப்பினாற் பிழை நேராது.

கையால் ஏறும்வரை ஏறிய பின்னரே ஸ்பனர் வேண்டும். புதிய வளையத்துடன் கூடிய செருகியாயின் அரைச் சுற்றுக்கும் மூன்றில் இரண்டு சுற்றுக்கும் இடைப்பட்ட இறுக்கம் போதும். முன்பு பயன்பட்ட செருகியை மீள இடின், அது படிந்தபின் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். இறுதியாக, கம்பி மூடியைச் சூழ்ந்துள்ள றப்பர்த் தடையும் தகட்டுத் துளையில் நன்கு அமர்தல் வேண்டும். அது வெடித்திருப்பின், உருளையைக் குளிர்விக்கவேண்டிய காற்று அவ்வழியே வீணாகும்.

பழைய நிக்கல் செருகிகளை ஏறக்குறைய 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவர். இக்காலத்து இரிடியச் செருகிகளுட் சில 1,00,000 கிலோமீற்றர்வரை உழைக்கின்றன. நெடுங்காலம் அசையாதிருக்குஞ் செருகி புரியில் இறுகிவிடும் ஆதலின், கழற்றும்போது வேண்டப்படும் பொறுமை இன்று கூடியதேயன்றிக் குறையவில்லை. வண்டி எதுவாயினும், குளிரும்வரை காத்தலும், துளையைத் துலக்குதலும், முதலிற் கையினால் ஏற்றுதலும் ஆகிய மூன்றும் மாறா. இம்மூன்றையும் பேணுபவரின் வண்டியில் துளை கெடாது நிலைக்கும்; செருகிகள் மட்டுமே மாறிமாறி வரும்.