முறுக்கில்லா வடம்: இணைநூல் கயிற்றின் ஆக்கமும் பயனும்

பெருங்கப்பலைத் துறைமுக மேடையுடன் பிணைத்திருக்கும் நைலான் வடம் அறுந்தால், அது நின்ற இடத்திலேயே துவண்டு விழுவதில்லை. இழுபட்டு நீண்டபோது அதனுள் சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே நொடியில் வெளிப்பட, அறுந்த முனை சாட்டைபோலப் பின்னோக்கிப் பாய்கிறது. அதன் வழியில் நின்ற மாலுமிகளும் தொழிலாளரும் உயிரிழந்த நிகழ்ச்சிகள் உலகின் பல துறைமுகங்களில் நேர்ந்துள்ளன. எனவே, ஒரு வடம் எவ்வளவு சுமை தாங்கும் என்பது பொறியாளரின் கணக்கோடு முடிந்துவிடும் வினா அன்று.

செயற்கை இழைகளின் வரலாறு ஒரு நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. நைலானை 1935-இல் அமெரிக்காவில் கரோத்தர்ஸும், பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டனர். கெவ்லார் எனப்படும் அராமிட் இழைக்கு வழிவகுத்த ஸ்டெஃபனி குவோலெக்கின் ஆய்வு 1965-ஐச் சேர்ந்தது. இழை மாறியது, ஆனால் கயிறு செய்யும் முறை நெடுங்காலம் மாறவில்லை. தென்னை நாரையும் சணலையும் மணிலா நாரையும் முறுக்கியதுபோலவே புதிய இழைகளையும் ஆலைகள் முறுக்கின.

முறுக்கு எதற்கு?

தென்னை நார் ஒரு சாண் அளவே நீளமுள்ளது. அத்தகைய குறுநார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முறுக்கு இன்றியமையாதது. உராய்வே அவற்றைச் சேர்த்து நிறுத்துகிறது. செயற்கை இழையோ ஆலையிலிருந்து பல கிலோமீட்டர் தொடர்ச்சியாக வருவது. அதற்கு இந்தப் பற்றுதல் தேவையில்லை. மாறாக, முறுக்கினால் இழப்பு உண்டு. நூல்கள் வடத்தின் அச்சுக்கு 20 பாகை சாய்ந்திருந்தால், அதே எடை நூலை நேராக வைத்தால் கிடைக்கும் வலிமையில் ஏறத்தாழ 88 விழுக்காடே கிடைக்கும். 30 பாகையானால் 75 விழுக்காடு. இது வடிவியலால் மட்டும் நேரும் இழப்பு. புரிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தித் தேய்வதால் நேரும் இழப்பு இதற்குமேல். மேலும், முப்புரி வடம் சுமை ஏறும்போது தானே பிரிந்து சுழல முற்படும்.

நூல்களை முறுக்காமல் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி ஓர் உறைக்குள் இட்டால் என்ன? இவ்வினாவுக்கு விடையாக, பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1960-களில் ‘பாராஃபில்’ என்னும் இணைநூல் கயிற்றை உருவாக்கியது.

ஆக்கும் முறை

நூற்றுக்கணக்கான நூற்கண்டுகள் ஒரு பெரிய தாங்கியில் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு நூலும் தனித்தனி இழுவிசைக் கட்டுப்பாட்டின் வழியாக வெளிவருகிறது. பிறகு நூல்கள் பூச்சுத் தொட்டியில் தோய்ந்து, உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, சூட்டறையில் உலர்கின்றன. பூச்சு பெரும்பாலும் பாலியூரிதேன் போன்றதொரு மென்மையான பிசினாகவோ மெழுகு சார்ந்த கலவையாகவோ இருக்கும். அது நூலின் மெல்லிழைகளை ஒன்றுசேர்க்கிறது. பக்கத்து நூலோடு உரசுவதைக் குறைக்கிறது. கடல்நீர் உலர்ந்து விடும் உப்புப் படிகங்கள் இழைகளுக்கிடையே புகுந்து அறுப்பதையும் தடுக்கிறது. எங்கேனும் ஓர் இழை அறுந்தால், அதன் சுமையைப் பூச்சின் பிணைப்பு வழியாக அண்டை இழைகள் ஏற்கின்றன. ஆனால் பூச்சு கடினமானால் வடம் கம்பிபோல் விறைத்துவிடும். பிணைக்கவும் வேண்டும், வளையவும் விட வேண்டும். சரியான அளவைக் காண்பதில்தான் ஆலையின் திறமை வெளிப்படுகிறது.

பூசப்பட்ட நூல்கள் துளைத் தகடு ஒன்றின் வழியே தத்தம் இடத்தில் ஒழுங்குபட்டு, வளையத்தில் குவிந்து, நாடாவால் சுற்றப்படுகின்றன. இறுதியில் உருகிய பாலியெத்திலீன் அவற்றைச் சுற்றி உறையாக வார்க்கப்படும். அல்லது பின்னல் உறை போடப்படும். உறையில் கார்பன் கரி கலப்பது வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதற்காக.

இவ்வளவிலும் உயிர்நாடியானது எல்லா நூல்களும் ஒரே இழுவிசையில் செல்வதே. பாலியெஸ்டர் நூல் அறுமுன் 12 முதல் 15 விழுக்காடு வரை நீளும். ஒரு நூல் மற்றவற்றைவிட அரை விழுக்காடு தளர்ந்திருந்தாலும் பெருங்கேடில்லை. ஏனையவை சற்று நீண்டதும் அது சுமையில் பங்குகொள்ளும். அராமிட் நூல் ஏறக்குறைய 3 விழுக்காட்டிலேயே அறுந்துவிடும். அங்கே அதே அரை விழுக்காட்டுத் தளர்வு, தாங்கும் எல்லையின் ஆறிலொரு பங்கைத் தின்றுவிடுகிறது. இறுகிய நூல்கள் முதலில் அறுகின்றன. அவற்றின் சுமை மற்றவற்றின்மேல் விழுகிறது. விலையுயர்ந்த இழையை வாங்கிவிட்டால் வலிய வடம் தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் மறந்துவிடும் செய்தி இது. இழை எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்கு ஆலையின் கவனமும் உயர வேண்டும்.

முனையை இறுக்கிப் பிடிப்பது மற்றொரு சிக்கல். இணைநூல் கயிற்றைப் பழைய முறையில் புரிபிரித்துப் பின்னி வளையமாக்க இயலாது. எனவே கூம்பு வடிவக் குழலில் நூல்களை வட்டமாக விரித்து, நடுவே ஓர் ஆப்பைச் செலுத்துகின்றனர். சுமை ஏற ஏற ஆப்பு உள்ளிறங்கி நூல்கள் அனைத்தையும் நெருக்கிப் பிடிக்கிறது.

பொருந்தும் இடமும் பொருந்தா இடமும்

கப்பியிலும் உருளையிலும் ஓயாது ஏறியிறங்கும் வேலைக்கு இக்கயிறு ஏற்றதன்று. வளைவில் வெளிப்புற நூல்கள் நீள, உட்புற நூல்கள் நெருக்குண்டு மடியும். நிலையாக நின்று இழுவிசை தாங்க வேண்டிய இடமே இதற்கு உரியது. ஸ்காட்லாந்தில் அபர்ஃபெல்டி என்னும் ஊரில், டே ஆற்றின் குறுக்கே 1992-இல் அமைக்கப்பட்ட நடைபாலத்தைத் தாங்குபவை அராமிட் இணைநூல் கயிறுகளே. மின்சாரம் கடத்தாமையால் வானொலிக் கம்பங்களைப் பிணைக்கவும் இவை ஏற்றவை.

ஆழ்கடலில் எடையே முதல் கேள்வி. எஃகின் அடர்த்தி 7.85, பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38. கடல்நீரின் மிதப்பைக் கழித்தால், ஒரே பருமனுள்ள பாலியெஸ்டரின் எடை எஃகின் எடையில் ஏறக்குறைய இருபதிலொரு பங்கே. அதே வலிமைக்குக் கூடுதல் பருமன் வேண்டியிருப்பினும் மிச்சம் பெரிது. பிரேசிலின் பெட்ரோபிராஸ் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் காம்போஸ் படுகையில் எண்ணெய் மேடைகளைப் பாலியெஸ்டர் வடங்களால் நங்கூரமிட்டது. அத்தகைய பெரும் வடங்களில் தனி நூல்களுக்குப் பதிலாகச் சிறுகயிறுகள் இணையாக அடுக்கப்பட்டு ஒரே உறைக்குள் இடப்படுகின்றன, கொள்கை அதுவே.

இந்திய நிலை

கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் படுகையில் 2009-இல் எரிவாயு எடுப்பு தொடங்கியது. கடற்பணிகள் ஆழத்தை நோக்கிச் செல்லச் செல்ல இத்தகைய வடங்களின் தேவையும் வளரும். பாலியெஸ்டர் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவினுடையது. எனவே மூலப்பொருளுக்கு வெளிநாட்டை எதிர்நோக்க வேண்டாத பாலியெஸ்டர் இணைநூல் வடமே நம் ஆலைகள் முதலில் கைக்கொள்ளத் தக்கது. அராமிட் போன்ற சிறப்பு இழைகளின் ஆய்வு, 2020-இல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் பெற்ற தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

கொள்முதல் செய்யும் அலுவலர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பந்தப்புள்ளிகளில் நூலின் வலிமையைக் குறித்துவிட்டுக் குறைந்த விலையைத் தேடுவது எளிது. ஆனால் நூல்கள் சமமாக இழுபட்டனவா, பூச்சு சரியாக ஏறிற்றா என்பதை நூலின் சான்றிதழ் காட்டாது. முனைப்பிடிகளுடன் முழுமையாகச் செய்து முடித்த வடத்தின் மாதிரியை அறும்வரை இழுத்துப் பார்த்த முடிவே கேட்கப்பட வேண்டும். பயன்பாட்டில் உள்ள வடத்திலும் உறைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் நிறுவும்போதே கூடுதலாகச் சில துண்டுகளை உடன் பொருத்தி, குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றைக் கழற்றி அறுத்துச் சோதிக்கும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.