கீறல் எங்கே, பாட்டு எங்கே?

கீறல் விழுந்த சிடியைத் திருப்பிப் பார்த்ததும் "பாட்டு போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கீறல் விழுந்த பக்கத்தில் பாட்டு இல்லவே இல்லை. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள சிடியில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்தான். படமும் பெயரும் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் அரை மைக்ரான் அகலக் குழிகளாகப் பாட்டு பதிந்திருக்கிறது. குழிகளின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் வார்னிஷ் போல ஒரு பூச்சு. அந்தப் பக்கத்தில் காப்பு அவ்வளவே.

உள்ளிருந்து வெளியே சுருளாக ஓடும் அந்தக் குழி வரிசையைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். மதுரை ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்திருக்கும் யானைமலையின் நீளத்தைவிட அது அதிகம்.

குழிகளைப் படிக்கும் லேசர் பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகல வட்டமாக இருக்கும். உள்ளே போகப் போகக் குவிந்து, குழியைத் தொடும்போது 2 மைக்ரானுக்கும் குறுகிவிடும். அதனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறல் குறுக்கிட்டால் வட்டத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே மறைபடும். மீதி ஒளி உள்ளே போய் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அதையும் மீறித் தகவல் விடுபட்டால் கணக்கு கைகொடுக்கிறது. இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட பிழை திருத்தும் முறை, 1982இல் சிடி சந்தைக்கு வந்தபோது அதற்குள்ளேயே இருந்தது. பாட்டின் எண்களைச் சுருளில் இடம் மாற்றிச் சிதறடித்து, கூடவே சரிபார்ப்பு எண்களையும் எழுதிவைக்கிறார்கள். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அடியோடு அழிந்தாலும் மற்ற எண்களை வைத்து அதை முழுதாக மீட்டுவிடலாம்.

ஆகவே கீறல் எந்தத் திசையில் விழுந்தது என்பது முக்கியம். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே மட்டும் வெட்டும். சுற்றோடு சேர்ந்து ஓடும் கீறல் பல மில்லிமீட்டரை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். சிடியை வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து வெளியே துடை என்பதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டர் தகவல் சிடிக்கு இதற்கும் மேல் இன்னொரு அடுக்குத் திருத்தம் உண்டு. விசிடியில் படம் கொள்ளவேண்டும் என்று அந்த அடுக்கை விட்டுவிட்டார்கள். படம் கட்டம் கட்டமாகத் தெறித்ததில் அதற்கும் பங்குண்டு.

இனிக் கீறலைத் தேய்த்து நீக்கும் கருவிக்கு வருவோம். ஸ்கிப் டாக்டர் போன்ற வீட்டுக் கருவிகளில் டிஸ்க்கை மாட்டி, திரவம் தெளித்து, கைப்பிடியைச் சுற்றினால் சொரசொரப்பான சக்கரம் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். கிரானைட் பலகைக்கு மெருகேற்றும் அதே வித்தைதான் இது: பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை, சுற்றியுள்ள மேட்டைத்தான் இறக்குகிறார்கள். சக்கரம் விட்டுச்செல்லும் கோடுகள் நடுவிலிருந்து வெளியே ஓடுவதால் லேசர் அவற்றைப் பொருட்படுத்தாது. பற்பசையில் இருக்கும் நுண்துகளும் மேலோட்டமான கீறலுக்கு இதே வேலையைச் செய்யும்.

தேய்த்தும் பயனில்லாத டிஸ்க்குகள் உண்டு. சிடியை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே அலுமினியமே உரிந்துவிட்டது. எந்தக் கருவியும் அதைத் திருப்பித் தராது. டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அச்சிட்ட பக்கத்தில் விழும் கீறலை அது தாங்கும். புளூ-ரேயில் லேசர் படிக்கும் பக்கத்தில் தகவலை மூடியிருப்பதே 0.1 மில்லிமீட்டர்தான்; அதில் தேய்க்கிற பேச்சே வேண்டாம். ரைட் செய்த டிஸ்க்கில் குழிகளுக்குப் பதில் ஒளி சுட்ட சாயம் இருக்கிறது. வெயிலிலும் வெக்கையிலும் அந்தச் சாயம் வெளுத்தால், கீறலே இல்லாத டிஸ்க்கும் பாடாது.

அப்படியானால் கருவியை வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் மோசர் பேர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. அந்தப் படங்களைக் காப்பாற்றக் கருவி வாங்குவது வீண். மறுபடி கிடைக்காதவை கல்யாண வீடியோவும் காதுகுத்து வீடியோவும். அவை பெரும்பாலும் ரைட் செய்த டிஸ்க்குகள். அவற்றின் நோய் கீறலாகவும் இருக்கலாம், சாயமாகவும் இருக்கலாம்.

முதலில் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அடுத்து வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். மங்கிய டிஸ்க்கைப் படிக்கும் திறன் டிரைவுக்கு டிரைவ் மாறும். பிறகு பற்பசை. இத்தனைக்கும் மசியாத, தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் கீறலுள்ள டிஸ்க்குகள் கட்டுக் கட்டாக இருந்தால் மட்டுமே கருவிக்குக் காசு கொடுக்கலாம். ஒன்றிரண்டுதான் என்றால் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துத் தேய்த்துக்கொள்வதே லாபம். எந்த வழியில் பாடவைத்தாலும் ஒருமுறை ஓடினால் போதும், அந்த ஓட்டத்திலேயே ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் பிளாஸ்டிக் குறைகிறது. நகலுக்கு அந்தக் கவலை இல்லை.