கறுப்பு ஆடு ஒன்று

"கதை எங்கே?"

சென்ற வருஷம் ஒரு பையனுடைய கட்டுரை நோட்டில் சிவப்பு மசியினால் இந்த இரண்டு சொற்களை எழுதி, பக்கத்தில் பத்துக்கு இரண்டு என்று மார்க்கும் போட்டேன். உபாத்தியாயர்கள் தாங்கள் போட்ட மார்க்கைப் பற்றி இரண்டாம் முறை யோசிப்பது வழக்கமில்லை. ஆனால் அந்த இரண்டு மார்க்கு என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த விருத்தாந்தத்தைச் சொல்லிவிட்டால் மனச்சுமை சற்றுக் குறையும் என்று தோன்றுகிறது.

எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டி, பிள்ளைகளுக்குச் சார்லி சாப்ளினுடைய "மாடர்ன் டைம்ஸ்" என்னும் படத்தைக் காட்டினோம். 1936-ம் வருஷம் வெளியான படம். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மறுநாள் வகுப்பில், "நேற்றுப் பார்த்த படம்" என்ற தலைப்பில் ஒரு வியாசம் எழுதச் சொன்னேன். எல்லோரும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். ஆலையில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவனுக்குச் சித்தம் பேதலிக்கிறது, வேலை போகிறது, சிறைக்குப் போகிறான், ஓர் அநாதைப் பெண்ணுடன் சேர்ந்து பிழைக்க வழி தேடுகிறான், கடைசியில் இருவரும் கை கோத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்து போகிறார்கள். கதைச் சுருக்கம் என்றால் இதுவல்லவா சுருக்கம்!

ஒரே ஒரு பையன் மட்டும் நாலு வரியோடு நிறுத்திவிட்டான். படம் ஆரம்பிக்கும்போது ஒரு பெரிய செம்மறியாட்டு மந்தை வருகிறதாம். எல்லாம் வெள்ளை ஆடுகளாம். நடுவில் ஒன்று மட்டும் கறுப்பாம். அந்த ஆடு எங்கே போகிறது என்று படம் முழுவதும் தேடிக்கொண்டே இருந்தானாம். அவ்வளவுதான்.

மந்தையை நானும் பார்த்தேன். ஆட்டு மந்தை மறைந்ததும், சுரங்கப்பாதையிலிருந்து தொழிலாளர் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். "ஆஹா, மனிதர்களை மந்தையாக்கிவிட்டார்கள் என்று சொல்லுகிறார்!" என்று புரிந்துகொண்டு, புரிந்துகொண்டதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். ஆனால் கறுப்பு ஆடு எதையும் நான் பார்க்கவில்லை. நான் பார்க்காத ஆடு படத்தில் எப்படி இருக்க முடியும்? பையன் கட்டுரை எழுதச் சோம்பற்பட்டு ஆடு விடுகிறான் என்று தீர்மானித்தேன். சிவப்பு மசி வேலை செய்தது.

சில வாரங்களுக்குப் பிறகு, வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து அதே படத்தை மறுபடியும் பார்த்தேன். மந்தை வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நட்டநடுவில், சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஒரு கறுப்பு ஆடு! சில விநாடிகள் தெரிந்துவிட்டு மற்ற ஆடுகளோடு போய்விட்டது.

நாம் கறுப்பு ஆடு என்றால் கூட இருந்தே குழி பறிப்பவனை நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயர் வழக்கில் அதன் பொருள் வேறு. குடும்பத்தில் மற்றவர்களைப் போல் இல்லாமல், ஒன்றுக்கும் ஒத்துவராமல் திரிகிற பிள்ளையை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை யார் என்பதைச் சொல்லத்தான் மீதிப் படம் முழுவதும் இருக்கிறது. கதைச் சுருக்கம் எழுதிய பிள்ளைகள் நடந்ததைச் சொன்னார்கள். இந்தப் பையன் நடந்தது யாருக்கு என்று கேட்டிருக்கிறான்.

இதற்கிடையில் நடந்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் எழுதிய வியாசத்தில் அவனும் மற்றவர்களைப் போலவே பிழையில்லாத சுருக்கம் ஒன்றை எழுதியிருந்தான். எட்டு மார்க்குக் கொடுத்து, "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருந்தேன்!

* * *

அன்று அந்தப் பையனுடைய கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு படத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். எத்தனை விஷயங்கள் தப்பிப் போயிருந்தன!

ஆலைத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திரையில் முதன்முதலாகத் தோன்றும்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? துண்டு துண்டாக வெட்டிய அட்டைகளைச் சேர்த்துப் படமாக்கும் குழந்தை விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறார். அது சலித்ததும் பத்திரிகையில் வேடிக்கைச் சித்திரம் பார்க்கிறார். காரியதரிசி கொண்டுவந்த மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறார். அப்புறம்தான் யந்திரத்தை இன்னும் வேகமாக ஓட்டும்படி கட்டளை பிறக்கிறது. முதலாளி வர்க்கத்தைப் பற்றி ஒரு கண்டன வார்த்தை இல்லை. ஒரு விளையாட்டுப் பொம்மையும் ஒரு மாத்திரையுமே போதுமாயிருக்கின்றன.

பிறகு, வேலைக்கு வந்த நேரத்தையும் போகிற நேரத்தையும் அட்டையில் குத்துகிற யந்திரம். சாப்ளின் இரண்டு நிமிஷம் ஒதுங்கப் போனாலும் அட்டையைக் குத்திவிட்டுத்தான் போக வேண்டும். பின்னால் அவனுக்குப் புத்தி பிசகிவிடுகிறது. போலீஸ்காரன் துரத்த, தலைதெறிக்க ஓடிவருகிறான். அந்த ஓட்டத்திலும் ஒரு கணம் நின்று, அட்டையைக் குத்திவிட்டு உள்ளே நுழைகிறான்! பைத்தியம் அவனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது; ஆலை கற்பித்த பழக்கத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு இதை நினைத்தால் நெஞ்சு பகீர் என்கிறது.

இன்னொன்றைக் காதால் கவனிக்க வேண்டும். 1927-லேயே ஸினிமா பேசத் தொடங்கிவிட்டது. அதற்கு ஒன்பது வருஷத்துக்குப் பின் வந்த இந்தப் படத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவது எழுத்தில்தான் வருகிறது. பேச்சுக் குரல் எங்கே கேட்கிறது? ஆலைத் தலைவர் சுவரிலுள்ள திரையில் தோன்றி அதட்டும்போது கேட்கிறது. தொழிலாளிக்குச் சோறூட்டும் யந்திரம் ஒன்றை விற்க வருகிறவர்கள் வைக்கும் இசைத்தட்டில் கேட்கிறது. வானொலிப் பெட்டியில் கேட்கிறது. மனிதன் ஊமை, யந்திரத்துக்குத்தான் வாய்!

அந்த ஊமை கடைசியில் ஒரு தடவை வாய் திறக்கிறான். ஹோட்டலில் பாட வேண்டும், பாட்டு மனப்பாடமாகவில்லை. அந்தப் பெண் சட்டைக் கைப்பட்டையில் எழுதிக் கொடுக்கிறாள். மேடைக்கு வந்து கையை வீசியதும் கைப்பட்டை கழன்று பறந்துவிடுகிறது. எந்த நாட்டுப் பாஷையுமல்லாத ஏதோ ஒரு பாஷையில், வாய்க்கு வந்தபடி பாடிக்கொண்டு அபிநயம் பிடிக்கிறான். ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. ஆனால் கதை முழுவதும் புரிகிறது. உலகம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கக் காத்திருந்த குரல், முதல் தடவை கேட்கும்போது, சொற்கள் தேவையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது.

இந்தப் படத்தை நினைக்கும்போது நம் நாட்டார் நினைக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1931-ம் வருஷம் காந்தி மகாத்மா இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டனுக்குச் சென்றிருந்தார். செப்டம்பர் மாதத்தில், லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் வசிக்கும் பேட்டை ஒன்றில் இந்திய வைத்தியர் ஒருவர் இல்லத்தில் சாப்ளின் அவரைச் சந்தித்தார். யந்திரங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்பதுதான் சாப்ளின் கேட்ட கேள்வி. யந்திரங்களே இந்தியாவை இங்கிலாந்தின் கையை எதிர்பார்க்கச் செய்தன; ஆகையால் நூற்பதும் நெய்வதும் எங்களுக்குத் தேச பக்தி என்ற கருத்தில் மகாத்மா விடை கூறினார். ஐந்தாவது வருஷத்தில் "மாடர்ன் டைம்ஸ்" வந்தது. ஒரு சந்திப்பினால் ஒரு படம் பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் இந்தப் படத்தை எடுத்தவர் என்பதை மறப்பதற்கில்லை.

* * *

சாப்ளினுடைய சின்ன ஹாஸ்யங்கள் எவ்வளவு பெரியவர்களை எதிர்க்கத் துணிந்தன என்பதை மற்றொரு படத்தில் பார்க்கலாம். சாப்ளின் பிறந்தது 1889-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி. நாலு நாள் கழித்து ஹிட்லர் பிறந்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீசை. அந்த மீசையை வைத்துக்கொண்டு சாப்ளின் 1940-ல் "தி கிரேட் டிக்டேட்டர்" என்ற படத்தை வெளியிட்டார். அப்போது அமெரிக்கா யுத்தத்தில் இறங்கவேயில்லை.

படத்தில் ஹிங்கல் என்னும் சர்வாதிகாரியின் கொடியில் ஸ்வஸ்திகத்துக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கும். அதை "டபிள் கிராஸ்" என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே கூட்டாளியை ஏமாற்றும் நம்பிக்கைத் துரோகம் என்றுதான் அர்த்தம். கொடியே குட்டை உடைத்துவிடுகிறது! சர்வாதிகாரி மேடையில் ஆவேசமாகக் கத்தும்போது, அவன் முன்னிருக்கும் ஒலிபெருக்கிக் கருவி பயந்து பின்பக்கமாக வளைகிறது. அவன் யூதர்களைப் பற்றி நெடுநேரம் பல்லைக் கடித்து உறுமுகிறான். மொழிபெயர்ப்பாளனோ, தலைவர் இப்போது யூதர்களைப் பற்றிக் குறிப்பிட்டார் என்று மட்டும் மிருதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறான். சர்வாதிகாரியின் மோட்டார் போகும் வீதியில் வீனஸ் தேவியின் சிலை நிற்கிறது. பாரிஸில் இருக்கும் அந்தப் பிரசித்தமான சிலைக்குக் கைகளே கிடையாது. படத்திலோ, ஹிங்கலுக்கு ஸலாம் போடுவதற்காக அதற்கும் ஒரு கை முளைத்திருக்கிறது!

இவை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகிறவை. யாரும் "இதோ பார்" என்று சுட்டிக் காட்டுவதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளன் காட்சியைக் கவனித்தவன், மறுநாள் பத்திரிகையில் ஒரு கொடுமையைப் பற்றி மழுப்பலாக எழுதிய செய்தியைப் படித்தால், "சுருக்கத்தில் எது விட்டுப்போயிற்று?" என்று கேட்பான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஜனங்களைச் சர்வாதிகாரிகளுக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது மந்தை. மந்தையில் கறுப்பு ஆடு இருப்பதே அபாயம். அதைக் கண்டுபிடிக்கிற கண் அதைவிட அபாயம்.

சிரிப்புக்கு எல்லை உண்டு என்பதையும் சாப்ளின் அறிந்திருந்தார். நாஜிகளின் சிறை முகாம்களில் நடந்த கோரங்களை முழுவதும் அறிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964-ல் வெளியான தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

* * *

சின்ன விஷயங்களை ரஸிப்பது நமக்குப் புதிய வித்தையல்ல. ஓர் ஏகாரத்துக்கும் ஓர் உம்மைக்கும் நின்று பொருள் சொன்ன உரையாசிரியர்களின் நாடு இது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பாறையை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 100 அடி நீளம். தேவர்கள், நாகர்கள், மலை போன்ற யானைகள்! நடுவே ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்யும் ஒரு தபஸ்வி. இத்தனையையும் பார்த்துவிட்டு "பிரமாதம்!" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். கீழே யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது. அதுவும் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், அதை நம்பிக்கொண்டு! ருத்ராட்சப் பூனை என்று நாம் சொல்லுவதைப் பல்லவர் காலத்துச் சிற்பி கல்லிலே செதுக்கிவிட்டு, கண் உள்ளவன் காணட்டும் என்று பேசாமல் போய்விட்டான்.

அந்தப் பூனையைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பவர்கள் குழந்தைகளே. அவர்கள் உயரத்துக்கு அது எட்டுகிறது என்பது ஒரு காரணம். எதைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது மற்றொன்று. நாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். படம் பார்த்துத் திரும்பும் குழந்தையிடம், "என்ன கதை?" என்று கேட்கிறோம். "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்பதில்லை. கதையை வேண்டுமானால் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புஸ்தகமும் அந்தக் காலத்தில் சொல்லிவிட்டது. குழந்தை பார்த்ததை அதைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

நான் அந்தப் பையனைத் தனியே அழைத்து, "ஆடு இருக்கிறது, அப்பா. நான் பார்த்தேன். உனக்கு மார்க்குப் போட்டது என் தப்பு" என்றேன்.

அவன் வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "அது ஓடிப் போகல்லே, ஸார். மத்த ஆட்டோட சேர்ந்துதான் போறது. அதனாலேதான் யாருக்கும் தெரியல்லே" என்றான்.

இரண்டை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். அடுத்த வியாசத்திலும் அவன் ஒழுங்கான சுருக்கமே எழுதியிருந்தான். ஒரு தடவை சிவப்பு மசி பட்ட இடம் லேசில் ஆறுமா? ஆனால் கடைசி வரிக்குக் கீழே, பென்ஸிலால், மிகச் சிறிய எழுத்தில், தான் கவனித்த வேறொரு விஷயத்தையும் எழுதியிருந்தான். வேண்டாமென்றால் அழித்துவிடலாம் என்பதற்காகப் பென்ஸில் போலும். நான் அழிக்கவில்லை.