ராமானுஜனுக்குக் கஷ்டம் என்ன கொடுத்தது?

'பெரிய ஆளா வரணும்னா கஷ்டப்பட்டுத்தான் ஆகணும்.' ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளில் 18, 20 வயதில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, விடுதி அறையில் கதையோ கவிதையோ எழுதிப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது. கஷ்டம் உண்மையிலேயே மேதையை வளர்க்கிறதா?

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த வைணவ ஆசாரியரின் பெயரைத் தாங்கிய கணித மேதை சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையைப் பார்த்தால், சந்தேகம்தான் வருகிறது.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேர்வில் தோல்வியே. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் கிளார்க் வேலை கிடைக்கும்வரை வறுமைதான். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழிப்பார். விடை மட்டும் நோட்டில் ஏறும். 'நிரூபணமே இல்லாமல் எழுதினாரே, அதிசயம்!' என்று வியக்கிறோமே, அந்த அதிசயத்தில் காகித விலைக்கும் பங்கு உண்டு. அந்த நோட்டுகளிலிருந்த முடிவுகளைச் சரிபார்க்க அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது.

1914-ல் கேம்பிரிட்ஜ். பேராசிரியர் ஹார்டியுடன் வேலை செய்த முதல் மூன்று வருடங்கள் பொற்காலம். சம்பாத்தியக் கவலை இல்லை, பேச ஆள் இருந்தது, கட்டுரைகள் குவிந்தன. பிறகு நோய். போர்க்காலத்தில் சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். ஊரிலிருந்து மனைவி ஜானகி எழுதிய கடிதங்களையோ அம்மா கோமளத்தம்மாளே தடுத்துவிட்டார். 1918-ல் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமை வந்ததும் அதே வருடத்தில்தான்.

நாடு திரும்பி, சேத்துப்பட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் கணக்குப் போட்டார். 'வலியில் பிறந்த சாதனை' என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால், நல்ல உடம்போடு துறைமுகத்தில் வேலை பார்த்தபோதும் அவர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்!

1920 ஏப்ரலில் இறந்தபோது வயது 32. காசநோய் என்றே நினைத்திருந்தார்கள். பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என 1994-ல் எழுதினார். அந்தக் காலத்திலேயே குணப்படுத்தக்கூடிய நோய் அது.

ஹார்டியைக் கேட்டால், சீக்கிரம் இறந்ததுகூட ராமானுஜனின் பெரிய சோகம் இல்லை. ஒரு கணித அறிஞருக்கு 18 முதல் 25 வயதுதான் முக்கியம். அதில் ஐந்து வருடங்கள் வீணாய்ப் போனதுதான் சோகம் என்று அவர் எழுதியிருக்கிறார். தேர்வில் தோற்று, டியூஷனுக்குப் பிள்ளைகள் கிடைக்காமல் ராமானுஜன் அலைந்த வருடங்கள் அவை.