கடலுக்கு முதுகைக் காட்டுங்க... கத்தரித் தோட்டம் தெரியும்!

மந்தாரக்குப்பத்திலிருந்து அந்தமான் போய்விட்டு வந்தவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரத்துக்கு யார் 'குட்மார்னிங்' சொன்னாலும் செல்போனை நீட்டுவார்கள். முதல் போட்டோ, கடல். இரண்டாவது, கடலுக்கு முன்னால் இவர். மூன்றாவது, முழங்கால் தண்ணீரில் கறுப்புக் கண்ணாடியோடு மறுபடியும் இவர்! 'அது சரி, அந்தத் தீவுல மனுஷங்க யாராச்சும் இருக்காங்களா சார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏன் இல்லாம? ரூம் பாய் இருந்தாரே!' என்பார்.

அவர் எடுக்காமல் விட்டுவிட்டு வந்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதே பீச்சில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் தெரியும். தென்னை, பாக்கு, வாழை. அதற்கும் பின்னால் நெல் வயல், கத்தரிப் பாத்தி, வேலியோரம் மேயும் மாடு. சத்தம் போடாத ஒரு விவசாய ஊர்!

ஹேவ்லாக் தீவை எல்லோருக்கும் தெரியும். அங்கே இருக்கும் ராதாநகர் பீச்சை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று 2004-ல் 'டைம்' பத்திரிகை எழுதியது. அன்றிலிருந்து கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. அங்கிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கிறது குட்டித் தீவு நீல். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். 2011 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 3,000 சொச்சம்தான். நம்ம பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்கிற கூட்டம்!

ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்... ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ராமர் குடும்பமே குடியிருக்கிறது.

மவுன்ட் ரோடு கனெக்‌ஷன்

நீல் என்ற பெயர் 1857 எழுச்சியை ஈவிரக்கமில்லாமல் அடக்கிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் நீலின் பெயர். இந்த ஆசாமிக்கு நம்ம சென்னை மவுன்ட் ரோடிலேயே சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடத்தி, பலர் ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் சிலை மியூசியத்துக்குப் போனது. தீவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த பெயர் உரிய இன்னும் 81 வருஷம் ஆனது. 2018 டிசம்பர் 30-ல் நீல் 'ஷஹீத் தீவு' ஆனது. ஹேவ்லாக் 'ஸ்வராஜ் தீவு' ஆனது. போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய பெயர்தான் இன்னும் நம்ம வாயில் சட்டென்று வருகிறது.

கப்பலேறி வந்த சம்சாரிகள்

இந்தத் தீவில் உழுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, கிழக்கு வங்காளத்தில் வீடு வாசல், வயல், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கல்கத்தா அகதி முகாம்களில் இடம் போதவில்லை. 1949 முதல் அரசாங்கம் இவர்களைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பியது. ஆரம்பத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 10 ஏக்கர். நெல்லுக்கு 5 ஏக்கர் சமவெளி, தோட்டத்துக்கு 5 ஏக்கர் மேட்டு நிலம். கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? நிலம் காடாக இருந்தது! அதைத் திருத்தித்தான் வயல் செய்தார்கள். 1950-களில் ஹேவ்லாக், அப்புறம் 1960-களில் நீல் என்று குடியேற்றம் நகர்ந்தது.

லட்சுமண்பூர் கரையில், கடல் அரித்து அரித்துப் பாலம் மாதிரி ஆகிவிட்ட ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஹௌரா பாலம்'! டூரிஸ்ட்டுக்கு அது ஜோக். கல்கத்தாவை விட்டுக் கப்பலேறியவனுக்கு அது ஊர் ஞாபகம்.

இன்றைக்கு நீல் தீவுக்குப் பட்டப்பெயர், 'அந்தமானின் காய்கறிக் கூடை'. கத்தரி, வெண்டை, தக்காளி, கோஸ் எல்லாம் இங்கே விளைந்து படகேறித் தலைநகரத்துச் சந்தைக்குப் போகின்றன. ஒரு கட்டு கீரைக்கும் கடல் தாண்ட வேண்டிய யூனியன் பிரதேசத்தில் இது சாதாரண விஷயமில்லை.

நமக்கென்ன வந்தது?

மற்ற ஊர்க்காரர்களைவிட மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு இது சுருக்கென்று புரியும். நம்ம காலுக்குக் கீழேயும் கதை உண்டு. பலாவும் முந்திரியும் நின்ற பூமியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. 1956-ல் கம்பெனி வந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரன்ட் வந்தது, வேலை வந்தது, டவுன்ஷிப் வந்தது. நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் சுரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு ஊர்கள் இருந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெல் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியதை டி.வி.யில் பார்த்த யாருக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது.

இங்கே நிலம் கைவிட்டுப் போனவர்கள். அங்கே நிலம் போய், மறுபடி நிலம் கிடைத்தவர்கள். கிடைத்ததை என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டாமா?

புது எஜமான்

அந்த வயலுக்கும் இப்போது போட்டி வந்துவிட்டது. அங்கே நிலக்கரி இல்லை, நாம்தான்! டூரிஸ்ட். பாத்தி கட்டிக் கத்தரி வைத்துப் பூச்சியோடு மல்லுக்கட்டுவதைவிட, அதே இடத்தில் நாலு குடிசை போட்டு 'காட்டேஜ்' என்று போர்டு மாட்டினால் காசு சீக்கிரம் வருகிறது. அப்பா மண்வெட்டி எடுத்தார், பிள்ளை ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறான். தப்பென்று சொல்ல நாம் யார்?

தண்ணீர்தான் நிஜமான சிக்கல். அந்தமானில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, நம்ம கடலூர் மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் பெய்வது மே முதல் டிசம்பர் வரை. நீல் மாதிரிச் சின்னத் தீவில் தேக்கிவைக்கப் பெரிய ஆறு கிடையாது. காய்கறிச் சாகுபடி ஜோராக நடப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவதும் அதே மாதங்களில்தான்! ஒரே கிணற்றில் கத்தரிச் செடிக்கும் தாகம், நம்ம ஷவருக்கும் தாகம்.

போகிறவர்களுக்கு...

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போகலாம். 'லீவு நிறைய இருக்கு' என்பவர்களுக்குக் கப்பல். மூன்று நாள் ஆகும். தலைநகரத்திலிருந்து நீலுக்கு அரசுப் படகில் சுமார் இரண்டு மணி. தலைநகரத்தில் தமிழ் பேசி ஒப்பேற்றிவிடலாம். தீவில் வங்காளமும் இந்தியும்தான். நமக்கு இந்தி தகராறு என்றால் இருக்கவே இருக்கிறது புன்சிரிப்பு.

சைக்கிள் எடுத்துக்கொண்டு சீதாபூர் வரை மிதியுங்கள். நாடு முழுக்க ஒரே கடிகாரம், தீவோ ரொம்பக் கிழக்கே. அதனால் காலை ஐந்தரைக்குள் வெளுத்துவிடும். இங்கே ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு அங்கே இருட்டிவிடும். வயலுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். கிளிஞ்சல், பவளப்பாறை எதையும் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம். ஒரு வாளியில் குளித்தால் யாரும் கௌரவம் குறைச்சல் என்று நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் 'சிக்கன் சிக்ஸ்ட்டி ஃபைவ் இருக்கா?' என்று ஆரம்பிக்காமல், 'இன்னைக்குத் தோட்டத்துல என்ன பறிச்சீங்க?' என்று கேளுங்கள். நீங்கள் அங்கே சாப்பிடுகிற ஒவ்வொரு கத்தரிக்காயும், அந்தப் பாத்தி அடுத்த வருஷமும் பாத்தியாகவே இருக்க நீங்கள் போடுகிற ஒரு ஓட்டு!